ஜெகதளாவில் ஒரு ‘முடியாது’

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. கோவை அவிநாசி சாலையில் யென்ஸ் தங்கியிருந்த விடுதிக்கு நான் போனபோது, ஜெகதளாவிலிருந்து அனுப்பியிருந்த வண்டி ஏற்கெனவே வாசலில் நின்றது. ஓட்டுநர் ரபீக் குன்னூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். மலையிலிருந்து இருட்டோடு இறங்கி வந்திருக்கிறார். காதைச் சுற்றிக் கட்டியிருந்த மப்ளரைக் கோவைக்கு வந்தும் அவிழ்க்கவில்லை.

யென்ஸ் ஹாம்பர்க் நகரத்துத் தேயிலை வணிகர். அறுபதை நெருங்கியவர், உயரமானவர். ஒரு வாரம் கொழும்பில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் கோவைக்கு வந்திருந்தார். நான் ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர். பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போவேன். தேயிலைக்கு இதுதான் முதல் தடவை. ஜெகதளாவில் செல்வராஜ் என்பவர் தன் அண்ணனோடு சேர்ந்து ஒரு சிறிய தேயிலை ஃபேக்டரி நடத்துகிறார் என்றும், அங்கே பனிக்காலத்தில் செய்யும் முழு இலைத் தேயிலையை வருடா வருடம் வாங்குவதற்கு ஒப்பந்தம் பேசப் போகிறோம் என்றும் யென்ஸ் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாகத் தொலைபேசியில் பேசுகிறார்கள், நேரில் பார்த்ததில்லை. இருவருக்குமே ஆங்கிலம் அரைகுறை. ஒப்பந்தம் என்று வரும்போது அவரவர் மொழியில் பேசிவிடுவது நல்லது என்று என்னை அழைத்திருந்தார்.

அவரிடம் ஒரு தோள்பை, ஒரு பெரிய காகிதப்பை. காகிதப்பையை வண்டியின் பின்னால் வைக்க விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். உள்ளே பச்சை நிற ரப்பர் பூட்ஸ். செல்வராஜுக்காம்.

“அவருடைய கால் பெரியது. அந்த அளவில் இங்கே பூட்ஸ் கிடைப்பதில்லையாம். மழைக்காலம் முழுக்க அட்டை கடிக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்” என்றார்.

மேட்டுப்பாளையம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே ஒரு கடையில் தேநீர், இருபது ரூபாய். யென்ஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, “இது தேநீர் அல்ல, ஆனால் நன்றாக இருக்கிறது” என்று இன்னொன்று வாங்கினார்.

கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி இ-பாஸ் பார்த்தார்கள். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்று யென்ஸ் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவருக்குப் புரியவில்லை.

“சார்கிட்டச் சொல்லுங்க மேடம், ஆளுக்குப் பாஸ் இருக்குது, பாட்டிலுக்கு விசா இல்லீங்க” என்றார் ரபீக்.

நான் சொன்னதும் யென்ஸ் சத்தமாகச் சிரித்தார். அதே உற்சாகத்தில், “செல்வராஜ் எப்படிப்பட்டவர் என்று இவரிடம் கேளுங்கள். குரலை வைத்து நான் ஒரு ஆளைக் கற்பனை செய்து வைத்திருக்கிறேன்” என்றார்.

கேட்டேன். ரபீக் கியரை மாற்றினார். “நல்ல மனுசருங்க” என்றார். அதற்குப் பிறகு குன்னூர் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. வளைவுகள் அதிகம், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குன்னூரைத் தாண்டி அருவங்காடு, அங்கிருந்து பிரிந்து ஜெகதளா. பத்து மணிக்கு மேல்தான் வெயில் வந்தது. சரிவு முழுக்கத் தேயிலை, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள். பள்ளத்தில் இருந்த செடிகளில் மட்டும் இலை கருகிச் சிவந்திருந்தது. உறைபனி அங்கேதான் இறங்கும் என்று ரபீக் கையைக் காட்டினார்.

ஃபேக்டரி தகரக் கூரை போட்ட மூன்று மாடிக் கட்டடம். மேல் மாடிகள் இரண்டும் இலை வாட்டுவதற்கு. பக்கத்திலேயே ஓட்டு வீடு. வாசலில் வெள்ளை வேட்டியும் ஸ்வெட்டருமாக ஒருவர் நின்றிருந்தார். செல்வராஜின் அண்ணன் பழனிசாமி. வண்டி நின்றதும் இரண்டடி முன்னால் வந்தார்.

“வண்டி நல்லா வந்துதுங்களா?” என்றார்.

அவர் “வாங்க” என்று சொல்லவில்லை. கோவைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எப்படிக் கேட்கும் என்பதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். கடன் கேட்டு வருகிறவரையும் நாங்கள் முதலில் “வாங்க” என்போம். சண்டை போட்டுப் பேச்சு நின்றவர்கள்கூடக் கல்யாண வாசலில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏழு கடல் தாண்டி வந்த மனிதருக்கு அது சொல்லப்படவில்லை. இவருக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணினேன்.

யென்ஸ் கையை நீட்டினார். பழனிசாமி தயங்கி, விரல் நுனியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

“செல்வராஜ் எங்கே?”

“வெளியூர் போயிருக்கானுங்க” என்றார் பழனிசாமி என்னைப் பார்க்காமல்.

அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். எப்போது வருவார் என்று யென்ஸ் கேட்டார். தெரியலீங்களே என்று பதில் வந்தது. அதையும் சொன்னேன். யென்ஸ் காகிதப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

எங்களை வீட்டுக்கு அழைக்கவில்லை. ஃபேக்டரியின் ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார். சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதன் கீழே, பெயிண்ட் மங்காத ஒரு நீள்சதுரம். அங்கே மாட்டியிருந்த எதையோ அண்மையில்தான் எடுத்திருக்க வேண்டும். மதியச் சாப்பாடு குன்னூர் ஹோட்டலிலிருந்து பொட்டலமாக வந்தது. பத்தடியில் வீடு இருக்கும்போது விருந்தாளிக்கு ஹோட்டல் சாப்பாடு! அதற்குள் எனக்கு ஏதோ புரியத் தொடங்கியிருந்தது. ஆனால் என் ஊகத்தை மொழிபெயர்ப்பது என் வேலை இல்லை. பேசியதைச் சொல்வேன், பேசாததைச் சொல்வதில்லை. பதினெட்டு வருடமாக இந்த ஒரு விதியில்தான் பிழைக்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்பே யென்ஸ் வேலையைத் தொடங்கியிருந்தார். வரிசையாக வெள்ளைக் கிண்ணங்களில் தேநீர் ஊற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் கரண்டியால் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பினார். முதலில் குறைகளைச் சொன்னார். மூன்றாவது கிண்ணத்தில் புகை வாசம், ஐந்தாவதில் இலை அதிகம் உடைந்திருக்கிறது. கடைசிக் கிண்ணத்தில் நின்றார். மறுபடி எடுத்துக் குடித்தார். இந்த முறை துப்பவில்லை.

“இது அவர் செய்தது” என்றார்.

“ஆமாங்க, தை மாசம் செஞ்சது” என்றார் பழனிசாமி.

பிறகு நிபந்தனைகள். பனிக்காலம் முடிந்து இரண்டு மாதத்துக்குள் கப்பலில் ஏற்ற முடியுமா? ஏத்திரலாங்க. இதே தரம் ஒவ்வொரு மூட்டையிலும் இருக்குமா? இருக்குமுங்க. இலை கொடுக்கும் சிறு விவசாயிகள் யாரும் தடை செய்த மருந்து அடிப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா? குடுத்தர்லாங்க. இரண்டு மடங்கு அளவு கேட்டால்? பண்ணிரலாங்க.

ஒவ்வொரு பதிலுக்கும் யென்ஸின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. பழனிசாமியின் முகத்திலோ, எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லியும் வந்தவர் ஏன் மகிழவில்லை என்ற கலக்கம். நடுவில் நான் இரண்டு மொழிகளையும் பிழையில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் குன்னூர் பெட்போர்டு பக்கம் தங்கினோம். வரும் வழியில் அந்த ஊர்ப் பிஸ்கட்டான வர்க்கி வாங்கினேன், கால் கிலோ அறுபது ரூபாய். விடுதியில் காபிக்கு அதைத் தொட்டுக்கொள்ளச் சொன்னேன். யென்ஸ் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“இன்றைக்கு ஒரு தடவைகூட அந்த மனிதர் ‘இல்லை’ என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?”

“கவனித்தேன்.”

“செல்வராஜை நான் எதற்காக நம்பினேன் தெரியுமா? முதல் வருடம் ஆடி மழையில் செய்த தேயிலை வேண்டும் என்று கேட்டேன். பணம் அனுப்பவே தயாராக இருந்தேன். ‘முடியாது, அந்த மழையில் இலை நன்றாக இருக்காது, வாங்காதீர்கள்’ என்று சொல்லிவிட்டார். விற்கிறவர் வாங்காதே என்கிறார்! அன்றைக்கே முடிவு செய்தேன். முடியாது என்று சொல்லத் தெரிந்தவர் முடியும் என்றால் அதற்கு அர்த்தம் இருக்கும்.” வர்க்கியை உடைத்தார். “நான் வருகிற நாளில் ஊரில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போய்விட்டார்.”

வெளியே குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளி கேட்டதை இல்லை என்று சொல்ல எங்கள் ஊரில் நாக்கு வராது, அது பொய்யல்ல, மரியாதை என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்படியானால் உண்மையிலேயே முடியாதபோது நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்றார். நான் இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடி ஜெகதளா. செல்வராஜ் வந்திருக்கவில்லை. ஆபீஸ் அறையில் பழனிசாமி மட்டும் இருந்தார். உள்பக்கம் பேக்கிங் அறைக்குப் போகும் கதவு பாதி சாத்தியிருந்தது.

யென்ஸ் உட்காரவில்லை. காகிதப்பையிலிருந்து பூட்ஸை எடுத்து மேசைமேல், நேற்றுக் கிண்ணங்கள் இருந்த இடத்தில், ஜோடியாக நிறுத்தி வைத்தார்.

பழனிசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். காலில் போடுவதை மேசைமேல் வைக்கலாமா? யென்ஸுக்கு அது புதுப் பொருள், பரிசு. பழனிசாமியின் பதற்றத்தைப் பார்த்து அவர் முகம் இன்னும் இறுகியது.

“அவர் வந்ததும் இதைக் கொடுங்கள். இதையும் சொல்லுங்கள்: வாக்குக் கொடுத்துவிட்டு வராத மனிதரோடு எனக்கு வியாபாரம் வேண்டாம்.”

நான் தமிழில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் உள்கதவு திறந்தது. முப்பத்தெட்டு, நாற்பது வயதுப் பெண். தலையைச் சுற்றிச் சால்வை. புடவையில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. நெற்றியில் ஒன்றுமில்லை.

“அக்கா, நீங்க அவருகிட்டச் சொல்லுங்க” என்றார். “எங்க ஊட்டுக்காரரு வாக்குக் குடுத்துட்டு வராத ஆளு இல்லீங்க.”

“கோமதி, நீ உள்ள போ அம்மிணி” என்றார் பழனிசாமி.

“எத்தன நாளைக்குங்க மாமா உள்ளயே இருக்கறது? ஆளுதான் போயிட்டாரு. பேரையாச்சும் கெடாம உடுங்க.” என் பக்கம் திரும்பினார். “அவரு இல்லீங்கக்கா. ரெண்டு வாரம் ஆகப் போகுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியில இலை பார்த்துட்டு இருந்தாரு. நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தாரு. குன்னூர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட உசுரு இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை காரியம். இருந்திருந்தா ரோட்டுக்கே வந்து நின்னிருப்பாருன்னு சொல்லுங்க.”

சொன்னேன். ஜெர்மனில் இந்த மாதிரிச் செய்திக்கு வாக்கியங்கள் சின்னவை.

யென்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இயந்திரம் ஓடுகிற அதிர்வு மட்டும் தரையில் இருந்தது.

“ஆனால் போன திங்கட்கிழமை அவரிடமிருந்து எனக்குப் பதில் வந்ததே” என்றார் மெதுவாக. “வாருங்கள், காத்திருக்கிறேன் என்று.”

“அவன் போன்ல இருந்து ஆபீஸ் பையனை நாந்தானுங்க போடச் சொன்னேன்” என்றார் பழனிசாமி. “அப்ப இவரு கொழும்புல இருந்தாரு. விசயத்தைச் சொன்னா அப்படியே ஊருக்குத் திரும்பிப் போயிருவாருன்னு பயந்துட்டேன். இந்த முழு இலை வேலைய நம்பி முப்பது குடும்பம் நமக்கு இலை போடுது. நிறுத்துனா மறுபடி தூளாப் போடற டஸ்ட் டீதான். அதுக்கு வர்ற வெலை அவுங்களுக்குப் பறிக்கற கூலிக்கே பத்தாதுங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதும் போக, அவ்வளவு தூரத்துல இருந்து வர்ற மனுசனுக்கு வாசல்லயே எழவுச் சேதியா சொல்றது? ஒருவாய் சாப்பிட்டுப் போகட்டும்னு இருந்தேனுங்க. மாலை போட்டிருந்த அவன் பழைய போட்டோவக்கூட அதுக்குத்தான் கழட்டி வெச்சேன்.”

யென்ஸ் முழுதும் கேட்டார். “உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன். எனக்கும் அது துக்கம்” என்றார். பிறகு, “ஆனால் இறந்தவர் பெயரில் எனக்கு எழுதினீர்கள். நேற்று முழுநாள் என் முகத்தைப் பார்த்து வெளியூர் என்றீர்கள். மருந்து அடிப்பதில்லை என்று நீங்கள் எழுதித் தருவதை இனி நான் எப்படி என் ஊரில் காட்டுவேன்?” என்றார்.

குரல் உயரவில்லை. அதனால்தான் அதைத் தமிழாக்குவது சிரமமாக இருந்தது. வார்த்தைகளை மெலிதாக்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மெலிதாக்கவில்லை. எங்கள் பக்கத்தில் துக்கத்தை மறைப்பது வந்தவருக்குச் செய்யும் உபசாரம். அவர் பக்கத்தில் அது ஏமாற்று. இரண்டையும் ஒரே அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுமே எனக்குச் சரியாகவே பட்டன.

பழனிசாமி தலை குனிந்தார். யென்ஸ் வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதல் வரிசைத் தேயிலைச் செடிகளுக்கு முன்னால், கைகளைப் பின்னால் கட்டி நின்றுகொண்டிருந்தார். ரபீக் வண்டியோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி மேசையிலிருந்த பூட்ஸை இரண்டு கையாலும் எடுத்தார். அடிப்பாகத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தார்.

“சரியான சைஸுங்கக்கா” என்றார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. “ஊட்டி, குன்னூர் எல்லாம் ஏறி எறங்குனோம். ‘உங்க காலுக்குப் படகுதாங்க வாங்கோணும்’னு கடைக்காரன் சொல்லுவான். மழைக்காலம் வந்தாச் செருப்போட தோட்டத்துக்குப் போயி, ரத்தத்தோட வந்து நிப்பாரு. உப்பு எடுத்துட்டு வாடீம்பாரு.”

கால் மணி நேரம் கழித்து யென்ஸ் உள்ளே வந்தார். பழனிசாமிக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஒரு கேள்விதான். நேற்று கடைசிக் கிண்ணத்தில் இருந்த தேயிலை. அடுத்த பனிக்காலத்தில், அவர் இல்லாமல், அதை உங்களால் செய்ய முடியுமா?”

நான் தமிழில் கேட்டேன். பண்ணிரலாங்க என்று வரும் என்று காத்திருந்தேன். பழனிசாமியின் உதடு அந்தச் சொல்லுக்குத் தயாராவதைக்கூடப் பார்த்தேன். முப்பது குடும்பம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றது. அவர் கோமதியைப் பார்த்தார். கோமதியின் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தார்.

“முடியாதுங்க” என்றார். “அவன் இலையத் தொட்டுப் பார்த்து, இன்னும் அரை மணி நேரம் வாடட்டும்பான். எப்படிடா தெரியுதுன்னு கேட்டா, தெரியுதுண்ணான்னுதான் சொல்லுவான். எனக்கு டஸ்ட் போடத்தான் தெரியும். அது வராதுங்க எனக்கு.”

“நைன்” என்ற ஜெர்மன் மறுப்பில் தொடங்கி மீதியையும் சொன்னேன்.

யென்ஸ் தலையசைத்தார். “நன்றி. நேற்றிலிருந்து நான் கேட்க நினைத்தது இதைத்தான். அவருடைய தம்பியும் இப்படித்தான் பேசுவார் என்று சொல்லுங்கள்” என்றார்.

ஒப்பந்தம் எழுதப்படவில்லை. செல்வராஜ் தை மாதம் செய்து வைத்திருந்த மூட்டைகள் அத்தனையையும் எடுத்துக்கொள்வதாக யென்ஸ் சொன்னார். அதற்குப் பிறகு இல்லை. முடியும் என்று ஒரு நாள் தோன்றினால் ஒரு மாதிரி அனுப்புங்கள், குடித்துப் பார்க்கிறேன் என்றார். பழனிசாமி, “அப்பறம் இலை முறுக்கற ரோலர வித்தர்லாம் அம்மிணி” என்றார். அது யென்ஸுக்குச் சொன்னதல்ல. ஆனாலும் கேட்டதால் சொன்னேன். யென்ஸ் கண்ணை மூடித் திறந்தார்.

எழுந்ததும் வழக்கம்போல அவர் கை நீளத் தொடங்கியது. நான் ஜெர்மனில் மெதுவாகச் சொன்னேன்: “இது துக்க வீடு. இங்கே கை கொடுக்க வேண்டாம். போய்வருகிறேன் என்றும் சொல்லக்கூடாது. எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். நேற்று அவர்கள் உங்களை வாருங்கள் என்று சொல்லாததும் இதனால்தான்.”

“ஒன்றுமே சொல்லாமலா?”

“ஒன்றுமே.”

அவருடைய ஊரில் ஒரு அறையை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போவார்கள். கடையில் ரொட்டி வாங்கிவிட்டுக்கூட விடைசொல்லாமல் வெளியே வரமாட்டார்கள். யென்ஸ் இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். பழனிசாமியின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். கோமதியின் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம். பிறகு திரும்பி நடந்தார். யாரும் வாசல் வரை வரவில்லை.

வண்டியில் ஏறும்போது வீட்டைப் பார்த்தேன். படியில் கழற்றிவிட்ட செருப்புகளின் வரிசையில், கடைசியாக, கோமதி அந்தப் பச்சை பூட்ஸை வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பியது கோத்தகிரி வழியாக. மேகம் சாலையைத் தொட்டுக்கொண்டு வந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்து மூன்று கிலோமீட்டர். பாதி தூரம் கழித்து ரபீக் தானாகவே பேசினார்.

“என்னையும் சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க மேடம், பெரியவரு. நேத்துக் காலைல நீங்க கேட்டப்ப கியரைத்தான் மாத்த முடிஞ்சுது. செல்வராஜ் அண்ணன்தான் எனக்கு இந்த வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டவரு.” ஒரு வளைவு போனது. “ஆனா ஒண்ணுங்க. பெரியவரு வாயில முடியாதுங்கற சொல்லை, ஆபீஸ் வாசல்ல நின்னு, நான் இன்னிக்குத்தான் கேக்கறேன். கல்யாணத்துக்கு வண்டி கேட்டாலும் சரிம்பாரு, அதே நாள்ல வேற ஒருத்தர் கேட்டாலும் சரிம்பாரு. அப்பறம் நாந்தான் ரெண்டு எடத்துலயும் திட்டு வாங்குவேன்.”

இதை யென்ஸுக்குச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோவை விமான நிலையம், மாலை ஐந்து மணி. யென்ஸ் இறங்கி ரபீக்கின் கையைப் பிடித்தார். ஜெகதளாவில் கொடுக்காத இரண்டு கைகுலுக்கலையும் சேர்த்துக் கொடுத்ததுபோல நெடுநேரம் பிடித்திருந்தார்.

“போயிட்டு வாங்க சார்” என்றார் ரபீக்.

அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, நேராகவே சொன்னேன்: போய், திரும்பவும் வாருங்கள்.

“இதைத்தான் அங்கே அவர்களால் என்னிடம் சொல்ல முடியாமல் போனதா?”

“ஆம்.”

“அவர்கள் சொல்லியிருந்தாலும் நான் மறுபடி வரப்போவதில்லை” என்றார். தோள்பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். காகிதப்பை இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போவதுபோல நடந்தார்.

சிங்காநல்லூரில் ஆட்டோவிலிருந்து இறங்கி என் வீட்டுக் கேட்டைத் திறந்தேன். எதிர்வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். “வாங்க வாங்க! மலையெல்லாம் எப்படி, நல்ல குளிருங்களா?” என்றார். தினமும் கேட்கிற சொல். தினமும் “ஆமாங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விடுவேன். அன்றைக்குக் கேட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அவர் குழாயை நிறுத்திவிட்டு, “என்னாச்சுங்க?” என்று கேட்டார்.